பொருநல் காத்தலும் பகவத் கைங்கர்யமே

விடாய்த்து வந்தவன் ஒருவனுக்குத் தண்ணீர் வேண்டும். எங்கே தண்ணீர் உண்டு என்று சொன்னால் அவனுக்குப் பயன்படும்? இந்த எளிய கேள்வியை உள்ளத்தே கொண்டன்றோ பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் எம்பெருமானுடைய ஐந்து நிலைகளையும் உபதேசித்தருளினார்! அந்தர்யாமியாய் உள்ளே நிற்கும் நிலை, பூமிக்கு அடியில் உள்ள நீரைப் போன்றது. நீர் இருப்பது மெய்யேயாயினும், மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு தோண்ட வல்லவனுக்கே அது கிட்டும். பரமபதத்தில் வீற்றிருக்கும் நிலையோ அண்டத்துக்கு வெளியே சூழ்ந்துள்ள ஆவரண ஜலத்தை ஒத்தது. இங்கே நா வறண்டு நிற்பவனுக்கு அதனால் ஆவதென்ன? வ்யூஹ நிலை பாற்கடலைப் போன்றது. அது உண்டு என்று கேட்டு மகிழலாம். இராமனாகவும் கண்ணனாகவும் வந்து பிறந்த விபவங்கள் பெருக்கெடுத்தோடிய ஆறு போல்வன. அக்காலத்தில் அக்கரையில் வாழ்ந்தவர்கள் குடித்துக் களித்தார்கள். பின்னே வந்தவர்களுக்கு மணலே மிஞ்சியது. அப்பெருக்கு வடிந்த பின்னர் ஆங்காங்கே தேங்கி நிற்கும் மடுக்களே அர்ச்சாவதாரம். குலம், கல்வி, காலம் ஒன்றும் வினவாமல், எவனும் குனிந்து இரு கையாலும் அள்ளிக் குடிக்கலாம்.

இதனைக் காலக்ஷேபத்தில் கேட்டு நெஞ்சுருகாத ஸ்ரீவைஷ்ணவர் இரார். ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. இந்த உவமை உவமையாக நிலைபெற வேண்டுமானால், ஆற்றின் மடுவிலே தேங்கிய நீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் அன்றோ? ஆசாரியர் காலத்துச் சிறுவனுக்கும் இது விளக்கம் வேண்டாத செய்தி. இன்று படித்துறையில் நின்று அதே வாக்கியத்தை ஒரு சிறுவனுக்குச் சொன்னால், அவன் மடுவைப் பார்ப்பான். நுரையையும் நெகிழித் தாளையும் கிழிந்த துணியையும் பார்ப்பான். பிறகு சொன்னவருடைய முகத்தைப் பார்ப்பான். நீர் கெட்டால் பூர்வாசாரியர்களுடைய வாக்கும் அர்த்தம் விளங்காமல் போய்விடுகிறது. ஆற்றைக் காக்கும் தொண்டு திருமால் அடியார்க்குப் புறம்பான காரியம் என்று எண்ணுவோர் முதலில் இதனைக் கருதுவாராக.

ஆறுகள் பலவற்றுள் ஸ்ரீவைஷ்ணவர்க்குத் தாமிரபரணியிடம் உள்ள உறவு தனித்தது. ஆழ்வார் பாசுரங்களில் பொருநல் என்று கொண்டாடப்படுவது இதுவே. நவதிருப்பதிகள் ஒன்பதும் இதன் இரு கரைகளிலும் அமைந்துள்ளன. ஸ்ரீவைகுண்டம், வரகுணமங்கை, திருப்புளிங்குடி, இரட்டைத் திருப்பதி என்று வழங்கும் தொலைவில்லிமங்கலத்து இரண்டு, திருக்குளந்தை ஆகிய ஆறும் வடகரையில். திருக்கோளூர், தென்திருப்பேரை, ஆழ்வார் அவதரித்த திருக்குருகூர் ஆகிய மூன்றும் தென்கரையில். திருப்புளியின் அடியில் யோகத்தில் எழுந்தருளியிருந்த ஆழ்வாரிடம் மதுரகவிகள், தாம் நித்தியமும் ஆராதிக்க ஓர் அர்ச்சா விக்ரஹம் வேண்டும் என்று விண்ணப்பம் செய்தார் என்றும், தாமிரபரணியின் தீர்த்தத்தைக் காய்ச்சுமாறு ஆழ்வார் நியமித்தார் என்றும், முதலில் கூப்பிய கையுடன் பவிஷ்யதாசாரியராகிய எம்பெருமானாருடைய திருமேனியும், மறுமுறை காய்ச்சிய போது ஆழ்வாருடைய திருமேனியும் தோன்றின என்றும் பெரியோர் கூறுவர். கல்லிலும் மரத்திலும் அன்றித் தண்ணீரிலிருந்து ஆசாரியனை அளித்த ஆறு இது. ஸம்ப்ரதாயத்தின் குருபரம்பரையே இந்த நீரில் ஒரு முறை கொதித்து எழுந்ததென்னலாம்.

இன்னொரு கதையும் உண்டு. குருகூர்த் திருவீதியில் அடியார்கள் உண்டு எறிந்த இலையில் மிச்சமிருந்ததைத் தின்று, பொழுது சாய்ந்ததும் ஆற்றை நீந்தி அக்கரைக்குத் திரும்பும் நாய் ஒன்று, ஒரு நாள் வெள்ளத்தில் சிக்கி நடுவாற்றிலே உயிர் விட்டது. அக்கரையில் தவமிருந்த யோகி ஒருவர், அதன் உயிர் பரமபதம் செல்வதைக் கண்டு வியந்து, இந்நாய்க்கு அருளிய ஆழ்வார் இப்பேய்க்கும் அருளலாகாதா என்று கதறினாராம். அந்த நாய் செய்த சாதனம் யாது? பாகவதர் தொட்ட சோறும், பொருநல் நீரும். அவ்வளவே.

ஸ்ரீமத் பாகவதம் பதினோராம் ஸ்கந்தத்தில் கலியுகத்தின் பெருமையைப் பேசுமிடத்தில், திராவிட தேசத்தில் நாராயணனுக்கு அடியவர் மிகுதியாகப் பிறப்பர் என்று கூறி, அத்தேசத்து ஆறுகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறது. தாமிரபரணியே முதலில் வருகிறது. அடுத்து வைகையாகிய கிருதமாலை, பயஸ்வினி, காவிரி, மேற்கே ஓடும் மஹாநதி. இவற்றின் நீரைப் பருகும் மனிதர் பெரும்பாலும் வாசுதேவனிடத்தில் பக்தி உடையவராய், மாசற்ற உள்ளத்தினராய் ஆவர் என்பது அவ்விடத்தின் திரண்ட பொருள். நீராடுபவர் என்றோ, தூரத்திலிருந்து தொழுபவர் என்றோ சொல்லாமல், பருகுபவர் என்று சொல்லியிருப்பது ஊன்றி நோக்கத்தக்கது. குடிக்கும் நீருக்கும் நினைக்கும் நெஞ்சுக்கும் உள்ள தொடர்பை முனிவர்கள் அறிந்திருந்தார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் இலட்சக்கணக்கானவர்கள் இன்றும் இந்த நீரைத்தான் குழாய் வழியே குடிக்கிறார்கள். ஆனால் மருந்து கலந்து வடிகட்டிய பிறகு! பாகவதம் சொன்ன நேரான பானம் அதன் கரையிலேயே அரிதாகிவிட்டது.

ஆற்றை மணலும் நீருமாகக் கரைக்குள் அடங்கியதாக மட்டும் எண்ணுவது பேதைமை. எம்பெருமானுக்கு உலகம் அனைத்தும் சரீரம் என்பது ஸித்தாந்தம். அதுபோல ஆற்றுக்கும் ஒரு சரீரம் உண்டு. பொதிகையின் சோலைக் காடுகளிலே மழை விழுந்து, இலைச் சருகிலும் வேரிலும் ஊறி, சிறு ஓடைகளாய்க் கசிந்து, பாணதீர்த்தமாய் விழுந்து, காரையாற்றில் தேங்கி, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்குகிறது பொருநல். மணிமுத்தாறு வந்து சேர்கிறது. திருப்புடைமருதூரில் கடனாநதி சேர்கிறது. பச்சையாறும், குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறும் சேர்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவக்காற்றுகளின் மழையும் இதற்குக் கிட்டுகிறது. சற்றேறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. தலைப்பும் முடிவும் ஒரே மாநிலத்தில் அமைந்த வற்றாத ஆறு. ஆகையால் அயல் மாநிலம் தண்ணீர் விடவில்லை என்று குறை கூறுவதற்கும் இங்கே இடமில்லை. காட்டில் ஒரு மரம் வெட்டப்பட்டாலும், கிளையாற்றில் ஓர் ஊர்ச் சாக்கடை திறந்துவிடப்பட்டாலும், அதன் பலன் கடைமடைத் திருப்பதிகளின் திருமஞ்சனக் குடத்தில் வந்து சேரும். நீர் வரும் அவ்வளவு நிலத்தையும் ஆறென்றே கொள்ளுதல் வேண்டும்.

இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன அவை. கடைசியானது ஆங்கிலேயர் ஆட்சியில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. இவற்றுள் கன்னடியன் கால்வாயைப் பற்றி அப்பகுதியில் வழங்கும் கதை, தொண்டு என்பதன் உட்பொருளை நன்கு காட்டுவது.

மலைநாட்டு அரசன் ஒருவனுக்குத் தீராத நோய் வந்தது. எள்ளால் ஒரு பதுமை செய்து, அதனுள் பொன்னும் மணியும் நிரப்பி, நோயையும் பாபத்தையும் அதில் ஏற்றி, ஓர் அந்தணனுக்குத் தானமாகக் கொடுத்தால் அரசன் பிழைப்பான் என்றார்கள். பொன்னுக்கு ஆசைப்பட்டோர் பலர். பாபத்தை ஏற்க வந்தவர் ஒருவருமில்லை. கடைசியில் கன்னட தேசத்து பிரம்மசாரி ஒருவன் முன்வந்தான். தானம் கொடுக்கும் வேளையில் பதுமை உயிர்பெற்று மூன்று விரலைக் காட்டியது: மூன்று வேளை சந்தியாவந்தனத்தின் பலனையும் எனக்குத் தந்தால் உன்னை விட்டுவிடுகிறேன் என்பது குறிப்பு. அவன் மறுத்தான். இரண்டு விரலைக் காட்டியது, மறுத்தான். ஒரு விரலைக் காட்டவே, ஒரு வேளைப் பலனைத் தாரை வார்த்தான். பதுமை மறுபடியும் எள்ளாயிற்று, அரசன் எழுந்தான், பொன் பிரம்மசாரிக்கு ஆயிற்று. ஆனால் அவன் மனம் ஆறவில்லை. அனுஷ்டானத்தின் பலனை விற்று வந்த பொன்னைத் தான் அனுபவிப்பது எப்படி? பொதிகை முனிவராகிய அகத்தியரைத் தேடி வந்து கேட்டான். இப்பொன்னால் ஒரு கால்வாய் வெட்டு. ஒரு பசு முன்னே நடக்கும், அது நடந்த வழி கால்வாயாகட்டும், அது நின்று நீர்விட்ட இடங்களில் மடைகளும் படுத்த இடங்களில் குளங்களும் அமையட்டும் என்று அவர் அருளினார். அவ்வாறே அமைந்தது என்பர். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வயல்களுக்கு நீர் பாய்ச்சும் அக்கால்வாய்க்கு அவனுடைய தேசத்தின் பெயரே நிலைத்தது; அவனுடைய சொந்தப் பெயரை ஒருவரும் அறியார்.

பிறர் பாபத்தை ஏற்றவன் அதனைத் தண்ணீராக மாற்றி ஊருக்குக் கொடுத்துவிட்டுப் பெயரின்றிப் போனான். இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு, அதே ஆறு மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்திற்கு இன்று செல்வோர் காண்பது யாது? பரிஹாரம் என்னும் பெயரால், உடுத்திய ஆடையை ஆற்றிலேயே அவிழ்த்து விட்டுவிட்டுக் கரையேறும் வழக்கம். ஒருவர் இருவர் அல்லர். ஆண்டு முழுவதும் வருவோர் செய்வது. பருத்தி மட்டுமன்று, மட்காத செயற்கை நூலாடையும் கல்லிடுக்கிலும் வேரிலும் சுற்றிக்கொண்டு மடுவின் அடியிலே பாயாகப் படிகிறது. மீன் சிக்குகிறது, நீராட இறங்குபவன் கால் சிக்குகிறது. கன்னடியன் பாபத்தை வாங்கி நீர் கொடுத்தான். இவர்கள் நீரை வாங்கிப் பாபத்தைப் போட்டுவிட்டுச் செல்கிறார்கள்.

சாஸ்திரம் கற்றவர்களும் இதனை எடுத்துச் சொல்லத் தயங்குவது வருந்தத்தக்கது. நீரில் உமிழலாகாது, மலஜலம் கழிக்கலாகாது, அசுத்தம் பட்ட பொருளை இடலாகாது என்று தர்மசாஸ்திரங்கள் தெளிவாக விலக்கியுள்ளன. பிராயச்சித்தத்துக்கு உயிராவது செய்த குற்றத்துக்கு வருந்துதலே, துணி அன்று. ஸ்ரீவைஷ்ணவர்க்கோ இதில் ஐயத்துக்கே இடமில்லை. ஸர்வ பாபங்களினின்றும் விடுவிப்பேன் என்று சரம ச்லோகத்தில் கீதாசாரியன் ஒப்புக்கொண்ட பின்னர், சரணாகதி செய்தவன் தன் பாபத்தை ஒரு வேஷ்டியில் முடிந்து ஆற்றில் விடுவானேன்? அது அவன் வாக்கில் நம்பிக்கை இன்மையே ஆகும்.

முன்னாளில் ஆற்றையும் கால்வாயையும் யார் காத்தார்கள்? குடிமராமத்து என்ற சொல்லே விடை கூறும். ஆண்டுதோறும் நீர் திறப்பதற்கு முன்பு குடிகள் கூடி, தங்கள் வாய்க்காலில் வண்டல் அள்ளி, கரை உயர்த்தி, மடை திருத்துவார்கள். 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு இதற்கென ஒரு சட்டமே இயற்றிற்று. இயல்பாக நடந்து வந்ததைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த வேண்டி வந்ததே, அது தளரத் தொடங்கியதற்கு அடையாளம் என்று கொள்வதில் பிழையில்லை. அதற்கும் முன்னே, முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூர்ச் சபையார் குடவோலைக்குச் செய்த ஏற்பாடு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே கல்லெழுத்தாக விளங்குகிறது. அதில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் அப்பதவிக்கு வரக்கூடாது. பெருமாள் கோயில் சுவரில் ஏரிக்கணக்கு எழுதப்பட்டிருப்பதைக் காணும் அடியார், கோயில் வேறு குளம் வேறு என்று எண்ணுவாரோ?

அக்காலம் முழுவதையும் பொற்காலம் என்று புகழ்வதற்கும் இல்லை. மண்வெட்டி பிடித்த கை ஒருவருடையதாகவும், நெல் அளந்த கை மற்றொருவருடையதாகவும் இருந்த ஊர்கள் உண்டு. சேற்றில் இறங்கியவனுக்குப் படித்துறையில் இறங்க உரிமையில்லாத ஊர்களும் உண்டு. இன்று 2017-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு அப்பெயரை மீண்டும் எடுத்துக் குளங்களைத் தூர்வாரச் செய்தபோதும், இயந்திரம் வந்த அளவுக்குக் குடிகள் வந்தார்களா என்பது கேட்கத்தக்க கேள்வியே. திரும்பி வர வேண்டியது பழைய ஏற்றத்தாழ்வு அன்று. தன் வாய்க்காலில் தானே இறங்கும் அந்தக் கூச்சமின்மை.

நிலைமை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில், தாமிரபரணியில் பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையுள்ள பகுதி இடம்பெற்றது. நவதிருப்பதிகளின் துறைகள் இந்த எல்லைக்குள்ளேதான் வருகின்றன. அதே ஆண்டு அக்டோபரில் மஹாபுஷ்கரம் கொண்டாடப்பட்டு இலட்சக்கணக்கானோர் இந்த நீரில் மூழ்கினர். பட்டியலும் புஷ்கரமும் ஒரே ஆண்டில் வந்தமை, ஒரு நாட்டின் பக்திக்கும் ஒழுக்கத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து காட்டியது போலாயிற்று.

ஆயினும் எல்லோரும் உறங்கிவிடவில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர்களும், கரையோர ஊர்களின் இளைஞர்களும், ஓய்வு பெற்ற பெரியவர்களும் துறை துறையாக இறங்கி வருகிறார்கள். பாபநாசத்தில் மூழ்கித் துணிகளை இழுத்துக் கரையேற்றுவது எளிய வேலை அன்று. ஊறிய துணி ஒரு பிடியே கல்லைப் போல் கனக்கும். அடியில் கண்ணாடிச் சில்லு இருக்கும். இழுத்ததைக் குவித்து வைத்துத் திரும்பினால், மறுநாள் மேலும் கிடக்கும். வெல்லும் வேலை அன்று; விடாமல் செய்யும் வேலை. திருக்கோயிலில் திருவலகிடுபவர் நேற்றே பெருக்கினோமே என்று இன்று நிற்பதில்லை. இதுவும் அத்தகையது.

மலைமேலும் ஒரு தொண்டு நடந்தது. 1988-இல் களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்கள் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. காட்டோரத்து ஊர்களில் ஏழைப் பெண்கள் தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து விற்றே பிழைத்தனர். வெறுமனே தடுத்தால் பட்டினி. தடுக்காவிட்டால் காடு இல்லை, காடு இல்லாவிட்டால் கோடையில் ஆறும் இல்லை. 1990-களில் கிராம வனக் குழுக்கள் அமைத்து, மாற்றுத் தொழிலுக்குக் கடன் கொடுத்து, ஊராரையே காவலராக்கியபோது விறகுச் சுமை வெகுவாகக் குறைந்தது. கடைமடையில் நின்று தீர்த்தம் எடுக்கும் அர்ச்சகர், தலைச்சுமையைக் கீழே வைத்த அந்தப் பெண்களைக் கண்டதுமில்லை. தைத் திருநாளை ஒட்டி 2011 முதல் மற்றொரு கூட்டம் தாமிரபரணிப் பாசனக் குளங்களின் கரையில் விடியலில் நின்று நீர்ப்பறவைகளை எண்ணுகிறது. பறவை எண்ணுவதா ஆற்றைக் காப்பது என்று சிலர் சிரிப்பர். குளம் உயிரோடிருக்கிறதா என்பதற்குப் பறவையைவிட நல்ல சாட்சி கிடையாது. இமயத்தைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகள் இம்மாவட்டத்துக் குளங்களைத் தேடி வந்து இறங்குகின்றன. பெரிய திருவடியைத் தினமும் சேவிப்பவர்கள், அவனுடைய குலத்தார் வந்து போகும் கணக்கையும் சற்றே அறிந்துகொள்வதில் குற்றமென்ன?

தன்னார்வத் தொண்டு என்று இக்காலத்தார் இதற்குப் பெயரிடுகின்றனர். நல்ல சொல்லே, ஆயினும் அதன் தலையிலேயே தன் என்பது நிற்கிறது. தொண்டர் கூட்டங்கள் பல சிதறுவது அந்த ஓரெழுத்து ஈரெழுத்தால்தான். பதாகை யாருடையது, படத்தில் யார் முன்னே நின்றார், எந்த அமைப்பின் சட்டையை அணிவது என்பதில் ஒரு பருவம் கழிந்துவிடும். ஆறு அப்படியே கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேர் இறங்கி, அடுத்த ஞாயிறு ஒருவரும் இல்லாத துறைகளும் உண்டு. எம்பெருமானார் வேதார்த்தஸங்க்ரஹத்தில் சேஷத்வத்துக்குச் சொன்ன இலக்கணம் இங்கே மருந்தாகும். பிறனுக்கு ஏற்றம் விளைப்பதற்காகவே எது கொள்ளப்படுகிறதோ, அதையே ஸ்வரூபமாக உடையது சேஷம். தன் ஏற்றம் அதில் கணக்கில் வாராது. மேல்மடையில் நீரைச் சுத்தமாக விடுபவன் கடைமடையானை அறியான். கடைமடையான் நன்றி சொல்லவும் வாரான். பார்க்க முடியாத ஒருவனுக்காகச் செய்யும் இத்தொண்டு, சேஷத்வத்தைப் பழகுவதற்கு ஆறு வைத்திருக்கும் பள்ளிக்கூடம்.

கைங்கர்யம் என்றவுடன் அதிகாரிகளின் கடமை தீர்ந்தது என்று ஆகாது. நகரங்களின் சாக்கடை முழுவதையும் இளைஞர்கள் கையால் தடுக்க இயலாது. சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதும், அதனை ஓயாமல் இயக்குவதும் நகராட்சிகளின் பொறுப்பு. 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் திருநெல்வேலிக்கு நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டனர். அவர்கள் வரும்படி ஆயிற்றே என்பதில் ஊரார்க்குச் சிறிது நாணம் இருத்தல் நலம். உத்தரமேரூர்ச் சபையார் கேட்டது போலக் கணக்குக் கேட்பதும் தொண்டின் ஓர் அங்கமே. துறையில் துணி பொறுக்கியவன் கேட்கும் கேள்விக்கு வலிமை அதிகம்.

ஆற்றுக்குச் சினமும் உண்டு என்பதை 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகள் காட்டின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. அத்தகைய மழையை எந்த ஏற்பாடும் முழுவதும் தாங்கியிராது என்பது உண்மை. ஆனால் தூர்ந்த கால்வாயும் மறிக்கப்பட்ட ஓடையும் வெள்ளத்துக்கு வழிவிடவில்லை என்பதும் உண்மை. குளங்கள் உடைந்தன, நவதிருப்பதி ஊர்கள் தண்ணீரில் நின்றன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறக்குறைய 800 பயணிகளுடன் நின்றுவிட்டது. முன்னே இருப்புப்பாதையின் அடிமண் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுற்றிலும் வெள்ளம், விளக்கில்லை, குழந்தைகளும் முதியோரும் பசித்திருந்தனர். அருகிலிருந்த புதுக்குடி ஊரார், தங்கள் வீடுகளும் மழையில் சிக்கியிருந்த நிலையிலே, இருந்த அரிசியைத் திரட்டி, அம்மன் கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்து, அவர்களுக்குச் சோறிட்டார்கள். யார் எவர் என்று கேட்கவில்லை. பதாகை இல்லை. வந்தவர் திரும்பிப் போயினர். இட்டவர் தம் வீட்டுச் சேற்றை வாரப் போயினர்.

வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் திருநாளில் ஒன்பது எம்பெருமான்களும் திருக்குருகூரில் கருட சேவை ஸாதித்தருள, ஆழ்வார் அன்ன வாஹனத்தில் எதிர்கொள்ளும் காட்சிக்குத் திசையெங்கும் இருந்து அன்பர்கள் திரள்வார்கள். வடகரைத் திருப்பதிகளின் ஆறு எம்பெருமான்களும் பொருநலைக் கடந்தே ஆழ்வாரிடம் வந்து சேர வேண்டும். எம்பெருமானைத் தோளில் சுமந்து வரும் ஸ்ரீபாதம் தாங்கிகள் செருப்பு அணிவதில்லை. கரையிலும் துறையிலும் கிடக்கும் கண்ணாடித் துண்டு யார் போட்டதாயினும், குத்துவது அந்தத் திருவடிகளைத்தான். சேவைக்கு வரும் அன்பர்கள் சோப்பும் சீயக்காய்ப் பொட்டலமும் துறைக்குக் கொண்டுவராமல், முதலில் கரையில் மொண்டு காலைக் கழுவிப் பின்னர் முழுகி, உடுத்திய துணியை வீட்டுக்கே பிழிந்து கொண்டுபோவார்களாக. நான்காம் திருநாள் மாலையிலேயே வந்து தங்குபவர்களுக்குக் கருட சேவைக்கு முன்னே ஓர் இரவுப் பொழுது இருக்கிறது. சங்கணித்துறை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஒரு கூடையும் ஒரு துடைப்பமும் எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.